தொண்டை வலியில் தொடங்கி மூச்சடைப்பில் முடிந்தது: ஜார்ஜ் வாஷிங்டனின் இறுதி நோய் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சுவாசப் பாதைத் தொற்றைப் பற்றி எழுத இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன், 1799 டிசம்பர் 14 இரவு, வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருந்த தம்முடைய மவுண்ட் வெர்னன் பண்ணை வீட்டில், 67ஆம் வயதில் இறந்தார். முதல் நாள் மாலை வரை செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய செயலாளர் டோபியஸ் லியர் அந்த நாளை ஏறக்குறைய மணிக்கணக்கில் எழுதி வைத்தார். சிகிச்சை அளித்த மூவருள் இருவர், ஜேம்ஸ் கிரெய்க்கும் எலைஷா டிக்கும், சில நாள்களுக்குள் நோயின் போக்கைப் பத்திரிகையில் வெளியிட்டனர். நோயாளியின் சொந்த நாட்குறிப்பும் டிசம்பர் 13 வரை இருக்கிறது. நோயாளி, உடனிருந்தவர், மருத்துவர் ஆகிய மூன்று தரப்பின் எழுத்தும் கிடைக்கும் நிகழ்வு இன்றைய மருத்துவமனைக் கோப்புகளில்கூட அரிது. சாதாரணத் தொண்டை வலிக்கும் உயிரைப் பறிக்கும் தொண்டை வலிக்கும் உள்ள வேறுபாடு கிருமியின் பெயரைவிட அழற்சி உட்காரும் இடத்தைப் பொறுத்தது என்பதை இந்த நிகழ்வைப்போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

நோயின் போக்கு

டிசம்பர் 12, வியாழக்கிழமை. வாஷிங்டன் காலை பத்து மணியளவில் குதிரையேறிப் பண்ணைகளைப் பார்க்கச் சென்றார். ஒரு மணிக்குப் பனி பெய்யத் தொடங்கி, பிறகு ஆலங்கட்டியாகி, கடைசியில் விடாத குளிர் மழையாயிற்று என்று அன்றைய நாட்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது அவருடைய கழுத்து நனைந்திருந்ததையும் தலைமுடியில் பனித்துகள் ஒட்டியிருந்ததையும் லியர் கவனித்தார். மேலங்கி போட்டிருந்ததால் நனையவில்லை என்று சொல்லிவிட்டு, உடை மாற்றாமலே அவர் உணவுக்கு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று அங்குலப் பனி கிடந்தது. தொண்டை வலிப்பதாகச் சொன்னதால் வழக்கமான குதிரைச் சவாரி இல்லை. ஆனாலும் பிற்பகலில் வெளியே போய், வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போட்டுவிட்டு வந்தார். பகலில் குரல் கரகரத்தது. மாலையில் கரகரப்பு கூடியது. அப்படியிருந்தும் கூடத்தில் உட்கார்ந்து, குரல் இடம்கொடுத்த அளவுக்குச் செய்திகளை உரக்கப் படித்தார். படுக்கப் போகும்போது, சளிக்கு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று லியர் சொன்னதற்கு, தான் ஒருபோதும் சளிக்கு மருந்து சாப்பிடுவதில்லை, வந்தது போலவே போகட்டும் என்று பதில் சொன்னார். நூற்றில் தொண்ணூறு சளிக்கு இது சரியான பதில்தான். நம் வீடுகளிலும் இதையேதான் சொல்கிறோம்.

சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் மனைவி மார்த்தாவை எழுப்பி, உடல்நிலை மோசமாக இருப்பதாகச் சொன்னார். பேச்சு சரியாக வரவில்லை. மூச்சு சிரமமாக இருந்தது. மார்த்தா எழப் போனார். குளிரில் எழுந்தால் அவருக்கும் சளி பிடித்துவிடும் என்று வாஷிங்டன் விடவில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்ட வந்த பணிப்பெண் கரோலைனை அனுப்பித்தான் லியரை அழைத்தார்கள். மூச்சடைப்பு தெரிந்த பிறகு நான்கைந்து மணி நேரம் இப்படிக் கழிந்தது. இந்த நிகழ்வில் மிக விலையுயர்ந்த நேரம் அதுவே என்று இன்று சொல்லலாம். அன்று அதை அறிய யாருக்கும் வழியில்லை.

லியர் வந்ததும் கரும்புப் பாகு, வினிகர், வெண்ணெய் மூன்றையும் கலந்து தொண்டைக்கு இதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. விழுங்க முயன்ற ஒவ்வொரு முறையும் புரையேறி, உடல் துடித்து, மூச்சே நின்றுவிடும் போலாயிற்று என்று லியர் எழுதுகிறார். பின்னர் கிரெய்க் வந்து, வினிகரும் சேஜ் இலைக் கஷாயமும் கலந்து கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளிக்கத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தபோதும் மூச்சு முட்டியது. நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிய மிகத் தெளிவான அடையாளங்கள் இந்த இரண்டுந்தான்.

பகல் முழுவதும் அவரால் ஒரு நிலையில் படுக்க முடியவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். உட்கார வைக்கச் சொன்னார். நெருப்பருகே நாற்காலியில் சிறிது நேரம் இருந்துவிட்டு மீண்டும் படுக்கைக்கு வந்தார். லியர் தாமும் கட்டிலில் ஏறிப் படுத்து, அவரைத் தூக்கியும் திருப்பியும் விட்டுக்கொண்டிருந்தார். வாஷிங்டனின் அடிமைப் பணியாளர் கிறிஸ்டஃபர் ஷீல்ஸ் நாள் முழுக்கப் படுக்கையருகே நின்றதைக் கவனித்து, உட்காரும்படி வாஷிங்டன் சொன்னதும் லியரின் குறிப்பில் இருக்கிறது. மாலையில் கிரெய்க்கிடம், தாம் எளிதில் சாகவில்லை என்றாலும் போவதற்கு அஞ்சவில்லை என்றும், நோய் தொடங்கியபோதே பிழைக்க மாட்டோம் என்று எண்ணியதாகவும் சொன்னார். மூச்சு நெடுநேரம் நீடிக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இறப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மூச்சு எளிதாயிற்று. அவர் அமைதியாகக் கிடந்தார். லியரின் பிடியிலிருந்த கையை விடுவித்துத் தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்த்தார். சிறிது நேரத்தில் கை தளர்ந்து விழுந்தது. அது பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் என்கிறார் லியர். பதினொன்றரை என்று மருத்துவர்கள் எழுதினார்கள். கடைசியாக வந்த அந்த எளிய மூச்சு தேறுதலின் அடையாளம் அன்று. மூச்சுத் தசைகள் களைத்து, இரத்தத்தில் கரியமில வாயு ஏறி, நோயாளி போராடுவதை நிறுத்திவிட்டார் என்பதே அதன் பொருள். கீச்சொலியோடு மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால் இன்றைய மருத்துவர் நிம்மதி அடையாமல் பதறுவது இதனால்தான்.

எந்த இடம்?

சுவாசத் தொற்றுகளை மேல் சுவாசப் பாதைத் தொற்று, கீழ்ச் சுவாசப் பாதைத் தொற்று என்று பிரிப்பது வழக்கம். குரல்வளை வரைக்கும் மேல். மூச்சுக்குழாயிலிருந்து நுரையீரலின் காற்றுப் பைகள் வரை கீழ். பிரிவு வசதிக்கானதுதான், கிருமிகள் இந்த எல்லையை மதிப்பதில்லை. ஆயினும் அறிகுறியைக் கேட்டு இடத்தை ஊகிக்க இது உதவுகிறது. மூக்கில் இருந்தால் தும்மலும் நீரொழுகலும். தொண்டையின் பின்சுவரிலும் டான்சிலிலும் இருந்தால் விழுங்கும்போது வலி, ஆனால் மூச்சுக்கு இடைஞ்சல் இல்லை. குரல் நாண்களில் இருந்தால் கரகரப்பு. பெரிய மூச்சுக் கிளைகளில் இருந்தால் முதலில் வறட்டு இருமலும் பிறகு கோழையும். கைக்குழந்தைகளின் நுண்கிளைகளில் இருந்தால் இழுப்பு, அதற்குப் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் காரணம். காற்றுப் பைகளில் இருந்தால் அது நிமோனியா: காய்ச்சல், வேகமான மூச்சு, மூச்சை இழுக்கையில் நெஞ்சு குத்தல். இருமும் குழந்தைக்கு நிமோனியாவா என்று அறிய உலகச் சுகாதார நிறுவனம் கிராமப்புறப் பணியாளர்களுக்குக் கொடுத்திருக்கும் முதன்மையான கருவி ஒரு கடிகாரம்தான். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு.

வாஷிங்டனின் நோய் எங்கே இருந்தது? பத்திரிகையில் மருத்துவர்கள் எழுதிய விவரம் துல்லியமானது. கடும் குளிர் நடுக்கத்தோடு தொடங்கியது, தொண்டையின் மேற்பகுதியில், முன்பக்கத்தில் வலி, அதே இடத்தில் இறுக்கிப் பிடிப்பது போன்ற உணர்வு, இருமல், விழுங்குவதில் வலியைவிடச் சிரமம் அதிகம், பின்னர் காய்ச்சல், விரைந்த, உழைப்பு மிகுந்த மூச்சு. மூச்சுக்குழாயின் மேற்பகுதியில் ஏற்பட்ட அழற்சி என்று முடிவு செய்து, குரூப் என்னும் குழந்தை நோய் முதலிய பலவற்றுக்கும் அக்காலத்தில் பொதுவாக வழங்கிய ஒரு லத்தீன் பெயரைச் சூட்டினார்கள். பெயர் தளர்வானது, இடம் சரியானது.

சாதாரணச் சளியை முதலில் விலக்கிவிடலாம். அதற்குக் காரணமான வைரஸ்களில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. அதில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஆண்டுதோறும் சளி பிடித்தும் நமக்கு எதிர்ப்பாற்றல் நிலைப்பதில்லை. சளி மூக்கை அடைக்குமே தவிர மூச்சை அடைக்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று அடுத்தது. காய்ச்சல், டான்சிலில் வெண்படிவு, கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டி, இருமல் இல்லாமை ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவர் அதைச் சந்தேகிக்கிறார். பெரியவர்களின் தொண்டை வலியில் இதன் பங்கு சிறியது, பெரும்பாலானவை வைரஸால் வருபவை. இருந்தும் எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. ஸ்ட்ரெப் தொண்டையைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவது குழந்தைகளுக்கு முக்கியம், பின்னர் இதய வால்வைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் அதனால் வரக்கூடும். ஆனால் அதுவும் ஒரே நாளில் மூச்சை நிறுத்துவதில்லை.

டான்சிலை ஒட்டிச் சீழ் கட்டுவதை நெடுங்காலம் பலர் இந்த மரணத்துக்குக் காரணமாகச் சொன்னார்கள். சீழ் கட்டச் சில நாள்கள் வேண்டும். வலி ஒரு பக்கமாக இருக்கும். தாடை இறுகி வாய் திறக்கவராது. வாஷிங்டனுக்கு வலி நடுவில், முன்பக்கத்தில். சீழைக் கண்டதாகவும் யாரும் எழுதவில்லை. தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவை ஒதுக்க இன்னும் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் மூச்சை அடைத்துக் கொல்லும் நோயே. ஆனால் அது மெதுவாக, நாள் கணக்கில் முற்றும். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தோலைப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவர்கள் வெளியிட்ட குறிப்பில் அப்படலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குரூப் என்பது பெரும்பாலும் பாராஇன்ஃபுளுவென்சா வைரஸால் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வருவது. நாய் குரைப்பது போன்ற இருமல், இரவில் கூடும் கீச்சொலி. 67 வயதுக்காரரின் அகன்ற மூச்சுக்குழாயில் அது இப்படி வேலை செய்யாது. நிமோனியா அவருக்குப் புதிதன்று, 1790 மே மாதத்தில் நியூயார்க்கில் இருந்தபோது அதில் சாகக் கிடந்து பிழைத்தவர் அவர். எனினும் நிமோனியா வந்தவருக்குத் தண்ணீர் இறங்கும்.

எஞ்சுவது குரல்வளை மூடி அழற்சி. நாக்கின் அடியில், குரல்வளை வாயிலின் முன்னால், இலை வடிவில் நிற்கும் குருத்தெலும்பு அது. விழுங்கும்போது உணவும் நீரும் மூச்சுப் பாதைக்குள் போகாமல் மடிந்து காக்கிறது. அதில் கிருமி புகுந்தால் தளர்வான மேற்சவ்வில் நீர் கோத்து, இலையாக இருந்தது உருண்டையாக வீங்கும். வீங்கியது மடியாது, ஆகவே குடித்தது புரையேறும். அண்ணாந்தால் பின்னோக்கிச் சாய்ந்து வாயிலை அடைக்கும். ஆகவே கொப்பளித்தால் மூச்சு முட்டும். மல்லாந்து படுக்க முடியாது. குரல் மாறும். உமிழ்நீர்கூட இறங்காது. லியர் எழுதிய ஒவ்வொன்றும் இந்த ஓரிடத்தில் வந்து பொருந்துகிறது. அமெரிக்க மருத்துவரான டேவிட் மோரன்ஸ் 1999இல், வாஷிங்டன் இறந்து 200 ஆண்டு நிறைந்த வேளையில், இதையே மிக வலுவாக வாதிட்டார்.

இவ்வளவு விரைவாக முடிந்ததற்குக் குழாயின் கணக்கே விளக்கம். சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. மாலையில் குரல் கரகரத்தபோது வீக்கம் பாதிக்கும் குறைவாகவே இருந்திருக்கலாம். அடுத்த சில மில்லிமீட்டர்தான் இரவுக்கும் விடியலுக்கும் இடையில் எல்லாவற்றையும் மாற்றியது.

எந்தக் கிருமி என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. அக்கால வழக்கில் மிக அதிகமாகச் சந்தேகிக்கத்தக்கது ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி (சுருக்கமாக ஹிப்) என்ற பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோகாக்கஸ் ஆகியவையும் பெரியவர்களுக்கு இதே நோயைத் தருகின்றன. ஹீமோஃபிலஸின் பெயரிலுள்ள இன்ஃபுளுவென்சா பலரைக் குழப்புகிறது. 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் ஃபுளூ நோயாளிகளின் கோழையில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டு, ஃபுளூவுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்தார். ஃபுளூ ஒரு வைரஸால் வருகிறது என்று 1933இல் லண்டனில் தெளிவான பிறகும் பெயர் மாறவில்லை. குழந்தைக்கு ஹிப் தடுப்பூசி போட்டாயிற்றே, பிறகும் ஏன் ஃபுளூ வந்தது என்று கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பழைய பிழைதான் பதில்.

நனைந்ததால் வந்ததா?

பனியில் நனைந்தார், உடை மாற்றவில்லை, மறுநாள் தொண்டை வலித்தது, அதற்கு மறுநாள் இறந்தார். இந்த வரிசையைப் பார்த்தால் மழையில் நனையாதே என்று அதட்டும் எந்தப் பாட்டிக்கும் வேறு சான்று தேவைப்படாது. ஆனால் தொற்றின் காலக்கணக்கு இதற்கு இடம் கொடுக்கவில்லை. கிருமி உள்ளே புகுந்து பெருகி அறிகுறி காட்டச் சளி வைரஸுக்கே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் வேண்டும். வியாழன் பிற்பகலில் நனைந்தவருக்கு வெள்ளி காலையிலேயே தொண்டை வலிக்கிறது என்றால், நனையும்போதே கிருமி அங்கே குடியேறியிருந்தது என்று கொள்வதே பொருத்தம். ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் நோய் எதுவும் செய்யாமல் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் நெடுநாள் தங்குபவை.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946இல் தொடங்கிய சளி ஆய்வு நிலையத்தில் தன்னார்வலர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரத்தோடும் ஈரக் காலுறையோடும் குளிர்காற்றில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். குளிர் மட்டும் யாருக்கும் சளியைத் தரவில்லை. 2005இல் கார்டிஃபில் பாதத்தைக் குளிர்நீரில் வைத்தவர்களில், வைக்காதவர்களைவிட அதிகமானோர் அடுத்த சில நாளில் சளி அறிகுறி சொன்னார்கள். அவர்களிடம் வைரஸ் இருந்ததா என்று அந்த ஆய்வில் சோதிக்கவில்லை. ஏற்கெனவே மறைந்திருந்த தொற்றைக் குளிர் வெளிப்படுத்தியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆகப் பாட்டியின் சொல்லை முழுதாகத் தள்ளவும் வேண்டாம், முழுதாக ஏற்கவும் வேண்டாம். குளிர் ஒரு தூண்டுதலாக இருக்கக்கூடும், காரணம் கிருமியே. குளிர்காலத்தில் மூடிய அறைக்குள் பலர் நெருங்கி உட்காருவது கிருமிக்குக் குளிரைவிடப் பெரிய உதவி.

ஒரு சிறு முரணைச் சொல்லாமல் விட மனமில்லை. வாஷிங்டன் காலையிலும் இரவிலும் வெப்பமானியைப் பார்த்து வானிலையைக் குறித்து வைத்தவர். டிசம்பர் 12 காலை 33, இரவு 28 என்று பாரன்ஹீட்டில் எழுதியிருக்கிறார். அவருடைய உடல் வெப்பம் எவ்வளவு என்பதை மட்டும் எந்தக் குறிப்பிலும் காணோம். உடலுக்கான வெப்பமானி மருத்துவரின் பையில் வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆக வேண்டியிருந்தது; ஸ்டெதாஸ்கோப்பே 1816இல்தான் பிறந்தது.

சிகிச்சை

இரத்தம் வடித்ததே அவரைக் கொன்றது என்று சுருக்கமாக எழுதுவோர் உண்டு. முதலில் வடிக்கச் சொன்னவர் வாஷிங்டனே என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் பண்ணை மேற்பார்வையாளர் ராலின்ஸை வரவழைத்துக் கையை நீட்டினார். ராலின்ஸுக்குக் கை நடுங்கியது. பயப்படாதே என்று நோயாளியே தேற்றினார். கீறல் போதாது என்றார். மார்த்தா நிறுத்தச் சொல்லி மன்றாடியபோதும் இன்னும் வேண்டும் என்றார். பிறகு கிரெய்க் வந்து மேலும் வடித்தார். கொப்புளம் எழுப்பும் ஒருவகை வண்டின் பொடியைத் தொண்டையின் மேல் பூசினார். பிற்பகல் மூன்று மணியளவில் டிக் வந்தார். மூன்றாவது மருத்துவர் பிரவுனும் வந்து சேர்ந்தார். மீண்டும் 32 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர். இரத்தம் கெட்டியாக, மிக மெதுவாக வந்தது என்று லியர் எழுதியிருக்கிறார். உடலில் நீர் வற்றிப்போனதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அன்று எடுத்த இரத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டரை லிட்டரை நெருங்கும். உடலிலுள்ள மொத்த இரத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை. இதற்கு மேல் பாதரசமும் ஆன்டிமனியும் கலந்த பேதி, வாந்தி மருந்துகள். அவற்றால் மலம் கழிந்ததைத் தவிர வேறு பயன் இல்லை என்று மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனை இரத்தம் போனது நிச்சயம் கேடு செய்தது. மூச்சை இழுத்துப் போராடவேண்டிய உடலின் வலுவை அது பறித்தது. ஆனால் ஒரு துளியும் வடிக்காமல் விட்டிருந்தாலும் அந்த வீக்கம் வாயிலைத் திறந்து விட்டிருக்காது என்பது என் கருத்து. தொண்டைச் சவ்வின் அழற்சி மூச்சுப் பாதையை ஏறக்குறைய அடைத்துவிட்டது, உடனே தடுக்காவிட்டால் மரணம்தான் என்று சரியாகக் கணித்தவர் டிக். மூவரில் இளையவர், 37 வயது. மேலும் இரத்தம் எடுக்க வேண்டாம் என்றார். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைத் திறந்துவிடலாம் என்றார். மூத்தவர்கள் இருவரும் ஒப்பவில்லை. அவர்களை முற்றிலும் குறை சொல்வதற்கில்லை. மயக்க மருந்து இல்லை, கிருமி நீக்கம் என்ற எண்ணமே இல்லை, நாட்டின் முதல் மனிதரின் கழுத்தில் கத்தி வைப்பது சாதாரண முடிவும் அன்று. மூச்சுக்குழாயைத் திறந்து டிப்தீரியா நோயாளியைக் காப்பாற்றியதைப் பிரெஞ்சு மருத்துவர் பியர் பிரெத்தோனோ 1825இல் செய்து காட்டினார். அது இருபத்தாறு ஆண்டு தள்ளி.

இறந்த மறுநாள் குடும்ப நண்பரான மருத்துவர் வில்லியம் தார்ன்டன் வந்தார். உடல் குளிரில் விறைத்துக் கிடந்தது. அதை நீரிலும் போர்வையிலும் மெல்லச் சூடேற்றி, மூச்சுக்குழாயைத் திறந்து நுரையீரலுக்குக் காற்றூதி, ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைச் செலுத்தினால் உயிர்ப்பிக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். இரத்தம் குறைந்துவிட்டது, காற்றுப் பாதை அடைபட்டுவிட்டது என்று அவர் இனங்கண்ட இரண்டு குறைகளும் சரியானவை; ஒரு நாள் முன்பாக வந்திருக்க வேண்டிய யோசனை. 1800 ஜனவரி 2 அன்று பிரவுன் கிரெய்க்குக்கு எழுதிய கடிதத்தில், டிக் சொன்னபடி மேலும் இரத்தம் எடுக்காமல் இருந்திருந்தால் நம் நண்பர் இப்போது உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்றும், நமக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் கொண்டு நடந்தோம் என்றும் எழுதினார். நுரையீரல் அழற்சியில் இரத்தம் வடிப்பதால் பெரிய பயன் இல்லை என்று பாரிஸில் பியர் லூயி நோயாளிகளை எண்ணிக் கணக்குப் போட்டு வெளியிட்டது 1835இல்தான்.

இதே நோயாளி இன்று வந்தால்

இந்த நோயை ஒரு காலத்தில் குழந்தை மருத்துவர்களே அதிகம் பார்த்தார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தை, கடும் காய்ச்சல், முன்னால் குனிந்து கையூன்றி உட்கார்ந்து, தாடையை நீட்டி, வாயில் எச்சில் ஒழுக, சத்தமே போடாமல் இருக்கும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹிப் தடுப்பூசி வந்த பிறகு அங்கே அந்தக் காட்சி மிக அரிதாகிவிட்டது. இலங்கையில் 2008இலும், இந்தியாவில் முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரிலும் அரசுத் திட்டத்தில் சேர்ந்த ஐந்துநோய்த் தடுப்பூசியில் ஹிப்பும் அடக்கம். நம் ஊரில் பிறந்து ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் குழந்தையின் தொடையில் போடும் ஊசி அது. அதே ஊசியில்தான் தொண்டை அடைப்பானுக்கும் கக்குவான் இருமலுக்குமான காப்பும் இருக்கிறது.

இதனால் இப்போது குரல்வளை மூடி அழற்சியோடு வருபவர்களில் பெரியவர்களே மிகுதி, வாஷிங்டனைப்போல். இங்கேதான் தவறும் எளிதில் நேர்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தால் தொண்டை பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். வீக்கம் நாக்கின் வேருக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. வலி சொல்லும் அளவுக்கும் பார்வையில் தெரியும் அளவுக்கும் பொருத்தமில்லை என்பதையே அனுபவமுள்ள மருத்துவர் முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, குரல் வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல் குழறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி கேட்கிறது என்று சொல்பவருக்கு வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. இஞ்சிக் கஷாயமோ உப்புநீர்க் கொப்பளிப்போ அவருக்கு லியர் கொடுத்த வெண்ணெய்க் கலவை செய்ததையே செய்யும்.

மருத்துவமனையில் அவரைப் படுக்கவைக்காமல் உட்கார்ந்தபடியே வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மயக்க மருந்து நிபுணரும் காது மூக்கு தொண்டை நிபுணரும் உடனிருக்க, மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கிறார்கள். குழந்தையாக இருந்தால் நாக்கை அழுத்தும் பட்டையைக்கூட வாயில் வைப்பதில்லை. அழுகை ஒன்றே மூச்சுப் பாதையை முழுவதும் அடைக்கப் போதும். வீக்கம் மோசமாக இருந்தால் முதலில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டுக் காற்றுக்கு வழி செய்துவிட்டு, அதன்பின் சிரைவழி ஆன்டிபயாடிக். குழாய் போக வழியில்லையென்றால் கழுத்தில் திறப்பு. அதற்கான கருவித் தட்டு நோயாளியின் பக்கத்திலேயே பிரித்துத் தயாராக வைக்கப்பட்டிருக்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்து, குழாயை எடுத்துவிடலாம். பெரும்பாலோர் ஒரு வாரம் பத்து நாளுக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள்.